ரொட்டிஃபர் பாட்டிலோடு வரும் கடிதம்

அன்பு மகள் மலருக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். இந்த வாரக் கடைசியில் மாமா கோயம்புத்தூர் வருகிறார். மீன் குஞ்சுக்குத் தீனியாகப் போடுகிற பொடி உயிரான ரொட்டிஃபரை ஒரு பாட்டிலில் அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பாட்டிலில் பாதிதான் தண்ணீர், மீதி காற்று. இவ்வளவுதானா என்று நினைக்காதே, உயிர் நெருக்கமாக வளர்ந்திருக்கிற கெட்டியான கல்ச்சர். பஸ்ஸில் ஜன்னலோரம் வைக்காமல் காலடி நிழலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். இதை வீட்டில் எப்படி வளர்ப்பது என்று அன்றைக்கு போனில் நீ கேட்டதற்குப் பாதிப் பதில் சொல்வதற்குள் உனக்கு ஆபீஸ் கால் வந்துவிட்டது. அதனால்தான் எழுதியே அனுப்புகிறேன். ரொட்டிஃபர் வளர்க்கப்போகும் பக்கெட்டுக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்துக்கொள்.

உனக்குப் பிடிக்காததை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது உன் க்ளவுன் மீன் போட்டிருக்கும் முட்டையை விட்டுவிடு. முட்டை இன்னும் ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கிறது என்றாய். தண்ணீர் 27, 28 டிகிரி இருந்தால் ஏழெட்டு நாளில் பொரித்துவிடும். பாட்டிலில் இருப்பது சுமார் 2 லட்சம் ரொட்டிஃபர். கேட்க நிறைய மாதிரி இருக்கும். குஞ்சு விடுகிற 20 லிட்டர் தொட்டியில் மில்லிக்கு 10 என்று கணக்குப் போட்டுப் பார், அதற்கே 2 லட்சம் வேண்டும். மொத்தத்தையும் கொட்டினால் ஒரு நாள் சாப்பாடு முடிந்தது, மறுநாளுக்கு ஒன்றும் இருக்காது. விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்ட கதைதான். உன் ஜோடி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முட்டை வைக்கிறது. அடுத்ததற்குள் பக்கெட்டை நிரப்பிவிடு. முதலில் சாப்பாட்டை வளர்க்க வேண்டும், மீன் குஞ்சு அப்புறம். நான் மீன் குஞ்சு பொரிக்கிற ஹேச்சரியில் இருந்த காலத்தில், வருகிறவர்கள் எல்லோரும் மீன் தொட்டி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். உயிருள்ள தீனி வளர்க்கிற லைவ் ஃபீட் ரூம் பக்கம் ஒருவரும் எட்டிப்பார்த்ததில்லை. மண்டபத்தில் 2010-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் கடல் விரால் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்தார்களே, பேப்பரில் எல்லாம் வந்ததே, அந்தக் குஞ்சுக்கும் முதல் சாப்பாடு ரொட்டிஃபர்தான்.

பக்கெட் வெள்ளையாக வாங்கு, 20 லிட்டர். ரொட்டிஃபருக்குத் தீனியான பாசியின் பச்சை தெரிய வெள்ளைதான் வசதி. புதுப் பக்கெட்டாக இருக்கட்டும், சோப்புத் தண்ணீர் பட்ட பக்கெட் கூடாது. நான் இங்கே கடல் தண்ணீர் இரண்டு பங்கு, நல்ல தண்ணீர் ஒரு பங்கு கலக்கிறேன், உப்பு 23 பிபிடி (ஆயிரத்தில் 23 பங்கு) வாக்கில் நிற்கும். நீ தொட்டிக்கு வாங்கும் உப்பிலேயே லிட்டருக்கு 25 கிராம் போட்டால் கிட்டத்தட்ட அதே அளவு வரும். சிறுவாணித் தண்ணீர் என்றாலும் க்ளோரின் போட்டுத்தான் குழாயில் விடுகிறார்கள். ஆர்.ஓ. தண்ணீர் எடு, இல்லையென்றால் க்ளோரின் முறிக்கிற மருந்து போட்டுவிட்டு உப்புக் கலக்கு. மீன் தொட்டியின் பழைய தண்ணீரை மட்டும் ஊற்றாதே. அதில் கோபிபாட் என்கிற பொடி நீர்ப்பூச்சி இருக்கும், இன்னும் கண்ணுக்குத் தெரியாத என்னென்னவோ இருக்கும். எல்லாம் பக்கெட்டில் குடியேறி ரொட்டிஃபரின் பாசியைத் தின்னும்.

பாட்டில் வந்ததும் மூடியைத் திறந்து அரை மணி நேரம் பக்கெட் பக்கத்தில் வை, சூடு சமமாகட்டும். முதலில் 3 லிட்டர் தண்ணீர் போதும். தண்ணீர் நிறைய, உயிர் கொஞ்சம் என்றால் போட்ட பாசி தின்ன ஆளில்லாமல் அடியில் படியும். பெருகப் பெருகத் தண்ணீரைக் கூட்டி 15 லிட்டருக்குக் கொண்டுவா. காற்றுக்கு வெறும் குழாய் மட்டும் விடு, ஏர் ஸ்டோன் வேண்டாம். பொடிக் குமிழி நுரை தள்ளும், நுரையில் ரொட்டிஃபர் ஒட்டிக்கொண்டு சாகும். பெரிய குமிழியாக, மெதுவாகத் தண்ணீரைப் புரட்டிக்கொண்டிருந்தால் போதும். 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்கட்டும். உங்கள் ஊர் மார்கழிக் குளிருக்குச் சின்ன ஹீட்டர் ஒன்று தேவைப்படும்.

இப்போது தீனி. இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள்.

ஈஸ்ட் போடலாமா என்று கேட்டாய். போட்டால் பெருகும், பொய் சொல்லவில்லை. பேக்கரி ஈஸ்ட்டைக் கொடுத்தே கோடிக்கணக்கில் வளர்த்த ஹேச்சரிகள் உண்டு, 10 லட்சம் ரொட்டிஃபருக்கு நாளைக்கு 1 கிராம் என்பது பழைய கணக்கு. எனக்கு அது பிடிப்பதில்லை. மிச்சம் விழுந்த ஈஸ்ட் ஒரே ராத்திரியில் தண்ணீரைக் கெடுக்கும். அதைவிட, ரொட்டிஃபர் வெறும் பைதான் மலர். அதன் வயிற்றில் என்ன இருக்கிறதோ அதுதான் குஞ்சுக்குப் போகும். கடல் மீன் குஞ்சுக்கு வேண்டிய கொழுப்பு ஈஸ்ட்டில் கிடையாது. நாலைந்து நாள் நன்றாக நீந்துகிற குஞ்சு, உடம்பில் வெள்ளைக் கோடு விழுகிற நேரத்தில் கொத்துக் கொத்தாகச் சாகும். தண்ணீரில்தான் கோளாறு என்று நீ தேடிக்கொண்டிருப்பாய்.

நானோக்ளோராப்சிஸ் என்கிற பாசியின் பேஸ்ட் வாங்கிக்கொள். இங்கே நான் பாசியை உயிரோடு வளர்க்கிறேன். ஃப்ளாட்டில் உனக்கு அந்த வேலை வேண்டாம், ரொட்டிஃபரைப் பார்த்தாலே போதும். பேஸ்ட் ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் இருக்கட்டும். எடுத்ததை நேராகப் பக்கெட்டில் விடாதே. ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரில் போட்டு, மூடி குலுக்கி, கட்டியில்லாமல் கரைத்து ஊற்று. அந்தப் பாசிச் செல் 2 முதல் 4 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), ரொட்டிஃபர் வாய்க்குச் சரியான அளவு. கட்டி கட்டியாக விழுந்தால் அது தீனியில்லை, அழுக்கு.

எத்தனை சொட்டு என்று கேட்காதே, சொட்டுக் கணக்கு என்னிடம் இல்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டியைத் தண்ணீருக்குள் விடு. ஒரு சாண் ஆழத்தில் மங்கலாகத் தெரிந்தால் பச்சை போதும். காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும் முன் ஒருமுறை, சாயங்காலம் வந்ததும் ஒருமுறை. போடுவதற்கு முன்னால் பார். பச்சை போய்த் தெளிந்திருந்தால் தின்றுவிட்டது, போடு. காலையில் போட்டது சாயங்காலமும் அப்படியே நிற்கிறதென்றால் பாவம் பார்த்து இன்னொரு தடவை ஊற்றாதே. நோய் வந்திருக்கலாம், எண்ணிக்கை விழுந்திருக்கலாம், எதுவானாலும் அதற்கு மருந்து பாசி இல்லை.

தீனியை விட முக்கியம் எடுப்பது. நிறைந்த பக்கெட்டிலிருந்து தினமும் நாலில் ஒரு பங்கு எடுத்தே ஆக வேண்டும், குஞ்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும். 15 லிட்டரில் மூன்றரை, நாலு லிட்டர். எடுக்காமல் சேர்த்துவைத்தால் கூட்டம் கூடும், அமோனியா ஏறும், முட்டை போடுவது நிற்கும், ஒரு நாள் காலையில் எல்லாம் அடியில் கிடக்கும். பார்த்துப் பார்த்துத் தீனி போட்டு, எடுக்க மனசு வராமல் சாகடிப்பவர்கள்தான் அதிகம். 50 மைக்ரான் மெஷ்ஷைத் தட்டுத் தண்ணீரில் பாதி முங்கும்படி வைத்து மெதுவாக ஊற்று. காற்றில் காய்ந்தால் வலையிலேயே ஒட்டிச் செத்துப்போகும். வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடு, அமோனியா வெளியேறுகிற வழி அதுதான். வலையில் நின்றதைச் சுத்தமான உப்புத் தண்ணீரில் அலசிக் குஞ்சுக்குக் கொடு. குஞ்சு இல்லாத நாளில் பெரிய தொட்டியில் விடு, உன் பவளங்கள் தின்னட்டும். எடுத்த அளவுக்குப் புதுத் தண்ணீர் ஊற்று. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை காற்றை நிறுத்திப் பத்து நிமிஷம் விட்டு, அடியில் தங்கிய கசடைக் குழாய் போட்டு உறிஞ்சு.

காலேஜில் வாங்கிய மைக்ராஸ்கோப்பை எடு, பரணில் தூங்குகிறதே அதுதான். அதை இறக்கும்வரை கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் மோந்து, பின்னால் டார்ச் அடித்துப் பார். தூசி மாதிரி வெள்ளைப் புள்ளிகள், ஆனால் தூசி தண்ணீர் போகிற போக்கில் போகும், இது தன் இஷ்டத்துக்குப் போகும். லென்ஸுக்குக் கீழே வைத்தால் முன்பக்கம் மயிரிழைகள் சுழல்வதும், வயிற்றில் பாசிப் பச்சையும், பின்னால் காலோரம் தொங்கும் முட்டையும் தெரியும். அந்த முட்டையைத்தான் நீ பார்க்க வேண்டும். பத்தில் மூன்று நாலு முட்டை சுமந்தால் பக்கெட் நல்ல நிலையில் இருக்கிறது. எண்ணிக்கை ஏராளமாக இருந்தும் ஒன்றிலும் முட்டை இல்லையென்றால் நாளைக்கோ மறுநாளோ விழப்போகிறது என்று அர்த்தம். 25 டிகிரியில் ஒரு ரொட்டிஃபரின் ஆயுளே நாலு நாள் சொச்சம். பிறந்து ஒரு நாளில் பருவத்துக்கு வந்து, நாலு மணிக்கொரு முட்டை. ஆண் தேவையில்லை, எல்லாம் பெண்ணே பெற்ற பெண். கூட்ட நெரிசலோ உப்பு மாறுதலோ வந்தால்தான் ஆண் தலைகாட்டும். சின்னதாக, விர்ரென்று ஓடும், அதற்குக் குடலே கிடையாது. சாப்பிடாமல் ஓடி ஓடியே ஆயுள் முடியும். (அம்மாவிடம் இதைச் சொன்னேன். ரிடையர் ஆனபிறகும் ஒருத்தர் அப்படித்தான் என்றாள்.) ஆண் நிறையத் தென்பட்டால் தண்ணீரை மாற்று.

எண்ணுவதற்கு, 1 மில்லி சிரிஞ்சில் எடுத்து ஒரு சொட்டு அயோடின் கரைசல் விட்டால் அசையாமல் நிற்கும். மில்லிக்கு 150 வந்தால் 15 லிட்டரில் 22 லட்சம். நாலில் ஒரு பங்கு ஐந்தரை லட்சம், உன் குஞ்சுத் தொட்டிக்குத் தாராளம்.

இந்தப் பூச்சியை முதலில் யாரும் வேண்டி வளர்க்கவில்லை. ஜப்பானில் விலாங்கு மீன் குளங்களில் இது தொல்லையாக இருந்தது. 1960-இல் மியே மாகாணத்தில் இத்தோ என்ற ஆராய்ச்சியாளர் இதைக் கடல் தண்ணீரில் வளர்த்துக் காட்டினார். அப்புறம்தான் கடல் மீன் குஞ்சுகளுக்குத் தீனி கிடைத்தது. குளத்துக்காரன் ஒழிக்கப் பார்த்ததை நாம் பேஸ்ட் வாங்கிப் போட்டு வளர்க்கிறோம்!

பக்கெட்டைப் பால்கனியில் வைப்பது மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றாய். நாற்றம் வரும் என்று பயப்படுகிறார் போல. நல்ல பக்கெட்டில் கடலோர வாசனைதான் இருக்கும், அழுகல் வாடை வந்தால் ஏற்கெனவே கெட்டுவிட்டது. இருந்தாலும் பால்கனி வேண்டாம், வெயிலில் சூடு ஏறி இறங்கும். சர்வீஸ் ஏரியாவில் வை, வெளிச்சம் அவசியமில்லை. அவரிடம் இன்னொரு பக்கெட்டுக்கும் சேர்த்து இடம் கேட்டுவிடு. ஒன்று விழுந்தால் மற்றதிலிருந்து விதை எடுக்க வேண்டும், இரண்டுக்கும் வலையும் டம்ளரும் தனித்தனி. ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் கல்ச்சரைப் பாசியோடு ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டால் ஒரு வாரம் தாங்கும், மூடியைத் தளர்த்தி வை. கரண்ட் போனால் பேட்டரி பம்ப். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை பக்கெட்டையே மாற்று, சுவரில் வழுவழுப்புப் பிடித்தால் அதில் வேறு உயிர்கள் குடியிருக்கும்.

முட்டை பொரித்த பிறகு குஞ்சுத் தொட்டித் தண்ணீரையும் லேசாகப் பச்சையாக வைத்திரு. பசித்த ரொட்டிஃபரின் வயிறு சீக்கிரமே காலியாகிவிடும், குஞ்சு சக்கையைத் தின்னும். குஞ்சுக்கு வேண்டிய கொழுப்பில் ஈ.பி.ஏ. நானோக்ளோராப்சிஸில் உண்டு, டி.ஹெச்.ஏ. இல்லாத குறை. அதனால் குஞ்சுக்குப் போடப்போகும் பங்கை மட்டும் தனியாக எடுத்து, சில மணி நேரம் டி.ஹெச்.ஏ. உள்ள ஐசோக்ரைசிஸ் பாசி கொடுத்துவிட்டு விடு. ஒரு வாரம் ஓடியதும் ஆர்ட்டிமியா என்கிற உப்புநீர் இறால் குஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். அதற்கு முன் வேண்டாம், மீன் குஞ்சின் வாய்க்கு அது பெரிது. ஆர்ட்டிமியா முட்டை டப்பாவை இப்போதே வாங்கி வைக்காதே, திறந்து நாளானால் பொரிப்பு குறையும். நாள் நெருங்கும்போது கேள், எந்த டப்பா என்று சொல்கிறேன்.

பக்கெட் நிறைந்ததும் முட்டை சுமப்பது எத்தனைக்கு எத்தனை என்று எண்ணி எனக்கு வாட்ஸப் பண்ணு. போட்டோ வேண்டாம், போட்டோவில் எல்லாப் பக்கெட்டும் பச்சையாகத்தான் தெரியும்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அப்பா