பிரைமரி காம்ப்ளக்ஸ் என்று எழுதிவிட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வயதுக் குழந்தைக்கு அடிக்கடி நெஞ்சுச்சளி கட்டுகிறது, எக்ஸ்ரேயில் வலப்பக்கம் நிழல் தெரிகிறது என்று கலங்கிக் கேட்டிருந்த தாய்க்கு, "பிரைமரி காம்ப்ளக்ஸ்தான் (குழந்தைகளுக்கு வரும் தொடக்கநிலைக் காசநோய்), ஆறு மாதம் மாத்திரை கொடுங்கள், சரியாகிவிடும்" என்று சென்ற இதழில் மூன்றே வரியில் விடையளித்து, மீதி இடத்தைச் சத்துமாவு விளம்பரத்துக்கு ஒதுக்கியிருந்தீர்கள். பக்க அமைப்பு மிக நேர்த்தி.

என் பேரனுக்கும் இதே தீர்ப்புதான் வழங்கப்பட்டது. காசநோய்த் தொற்றை அறியத் தோலில் போடும் மாண்டூ ஊசி போட்ட இடத்தில் தடிப்பே எழவில்லை. வீட்டில் காசநோயாளி எவரும் இல்லை. காலையில் வெறும் வயிற்றில் இரைப்பை நீரை எடுத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கவும் யாருக்கும் தோன்றவில்லை. இருந்தும், சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் அந்த மருந்தைக் குழந்தை மாதக்கணக்கில் குடித்தான். காய்ச்சல் வந்த ஒவ்வொரு முறையும் நிழல் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில், அதே இடத்தில்தான் இருந்தது. கடைசியில் ஒரு மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை இருபுறமும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டுவிட்டு, "எப்போதாவது தின்னும்போது புரையேறி மூச்சுத் திணறினானா?" என்றார். மூச்சுக்குழாய்க்குள் குழல் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபியில் வெளியே வந்தது, ஊறி உப்பிய பாதி நிலக்கடலை.

தாங்கள் அறியாததல்ல, கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. மூச்சை வெளியே விட்ட நிலையில் எடுக்கும் படத்தில் ஒரு பக்கம் காற்று அடைபட்டிருப்பது புலப்படலாம். சில வேளை அதுவும் காட்டிக்கொடுக்காது. நிழல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அடைப்பையோ நுரையீரலின் பிறவிக் கோளாறையோ தேட வேண்டும். இடம் மாறி மாறி வந்தால் ஆஸ்துமா, உணவு எதுக்களித்து நுரையீரலுக்குள் இறங்குதல், இதயத்தில் துளை, நோய் எதிர்ப்பாற்றல் குறைவு, வியர்வைப் பரிசோதனையில் பிடிபடும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சளி கெட்டியாகும் பரம்பரை நோய்) எனத் தேடல் வேறு திசையில் போகும். கைக்குழந்தையின் நெஞ்சில் இயல்பாகவே இருக்கும் தைமஸ் சுரப்பிகூட எக்ஸ்ரேயில் கட்டிபோல் தெரிந்து பெற்றோரை நடுங்க வைப்பதுண்டு. காசநோயே இராது என்று நான் வாதிடவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு மருந்தைத் தொடங்கட்டும் என்கிறேன்.

வீசிங் என்றாலே ஆஸ்துமா என்று முன்பு இதே பகுதியில் நீங்கள் எழுதியபோதும் கடிதம் போட்டேன். நான்கு வயதுக்குள் முழுக்கடலையே கூடாது என்றிருக்க, ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் கடலை உருண்டை செய்முறை தந்த கோடைச் சிறப்பிதழுக்கும் எழுதினேன். இரண்டுக்கும் இடம் இல்லை போலும்.

அந்தத் தாய்க்கு, குழந்தைக்குப் புரையேறிய நினைவு உண்டா என்று அடுத்த இதழில் ஒரு வரி கேட்டுவிடுங்கள். சத்துமாவு விளம்பரத்துக்குக் கீழே, சிறிய எழுத்தில் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.