கணக்கம்மாவுக்கும் மற்றவர்களுக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

நேற்று மதியம் பணம் கொடுத்தவர்களிடமிருந்து அந்தக் கடிதம் வந்துவிட்டது. எங்கள் சங்கத்தின் அலையாத்தி நடவுக் கணக்கை ஏற்றுக்கொண்டார்கள். நிறுத்தி வைத்திருந்த இரண்டாம் தவணையும் வருகிறது. சங்கத்தை மூட வேண்டியதில்லை. சித்திரையிலிருந்து நாங்கள் பட்ட பாடு உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும், அதனால் அதை மறுபடி எழுதப் போவதில்லை. எழுத ஆரம்பித்தால் கோபம் வரும். இன்று அதற்கான நாள் இல்லை.

முதல் நன்றி ஒருவருக்கு. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வைத்த பெயரிலேயே சொல்கிறேன்: கணக்கம்மா.

போன வருடம் சிறு அமைப்புகளுக்கான பயிற்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். பத்து நாள். மலையில் உண்ணிச்செடி பிடுங்குகிறவர்கள், பழவேற்காட்டுக்காரர்கள், அந்தமானிலிருந்து ஒருவர், ஒடிசாவில் ஆமை முட்டை காக்கிற இருவர், காவிரிக் கடைமடையில், கரையோரச் சேற்றில், அலையாத்தி மரம் நடுகிற நான். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வகுப்பு. 'தியரி ஆஃப் சேஞ்ச்' என்றார்கள், 'லாக்ஃப்ரேம்' என்றார்கள். கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி. சேற்றில் நின்று பழகிய ஆட்கள் நாங்கள், அம்புக்குறி காட்டிய பக்கமெல்லாம் தலையாட்டினோம். அங்கே உருப்படியாகக் கற்றதும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பணம் கேட்டு எழுதுவது எப்படி என்பதற்கு நாலு நாள் ஒதுக்கினார்கள். வந்த பணத்துக்குக் கணக்கு எழுதுவதற்குக் கடைசி நாள் மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, ஒன்றரை மணி நேரம்.

அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு வந்தவர்தான் கணக்கம்மா. கூட்டுறவுச் சங்கத்தில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் பேசினார், ஒடிசாக்காரர்களுக்கு விரல் விட்டு எண்ணிக் காட்டினார். நான் பின் வரிசையில் தூங்கிவிட்டேன். இந்த மடலில் ஒப்புக்கொள்ள வேண்டியவற்றில் அதுவும் ஒன்று.

ஆனியில், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாத ஒரு இரவில், பயிற்சிக் கோப்பில் இருந்த அவர் எண்ணுக்கு அழைத்தேன். யார் என்று சொன்னதும், "பின்னாடி உக்காந்து தூங்கின நீலச் சட்டைத் தம்பியா?" என்றார். விஷயத்தை முழுதாகச் சொல்லக்கூட விடவில்லை. "பில்லெல்லாம் இருக்கா? எது இருக்கோ அத எடுத்து வைங்க" என்று வைத்துவிட்டார். மூன்றாம் நாள் காலை, திருத்துறைப்பூண்டியில் பஸ் மாறி, சாப்பாட்டு டப்பாவும் ஒரு அடிஸ்கேலும் சிவப்பு, நீல பேனாக்களுமாக வாசலில் வந்து நின்றார். யாரும் அனுப்பவில்லை. பயிற்சி முடிந்தே ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

எங்கள் கணக்கு ஒரு மஞ்சப்பைக்குள் இருந்தது. அதைப் பாயில் கொட்டித் தேதிவாரியாக அடுக்கினார். நாற்றுப் பைக்கு பில் இருந்தது, படகு வாடகைக்கு இருந்தது. நடவுக்கு வந்த பெண்களின் கூலிக்கு மட்டும் வவுச்சர் இல்லை. கையில் கொடுத்தோம், அவர்களும் வாங்கிக்கொண்டார்கள், அத்தோடு சரி. நான் புத்திசாலித்தனமாக ஒன்று சொன்னேன்: அன்றைய தேதி போட்டு இப்போது எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாமே என்று.

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பழைய தேதி போட்டா அது வவுச்சர் இல்ல தம்பி, பொய். இன்னைக்குத் தேதியே போடுங்க. அன்னைக்கு என்ன வாங்கினாங்கன்னு அவங்களே சொல்லட்டும், நாம எழுதிக்குவோம்."

அப்புறம் இருவரும் வீடு வீடாகப் போனோம். அவருக்கு முழங்கால் வலி, ஒவ்வொரு திண்ணையிலும் உட்கார்ந்து எழ வேண்டியிருந்தது. எல்லா வீட்டிலும் டீ கொடுத்தார்கள், எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எத்தனை நாள் வந்தீர்கள், எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டு எழுதி, எழுதியதைச் சத்தமாகப் படித்துக்காட்டிய பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கினார். இரண்டு பேர் தங்களுக்கு ஒரு நாள் கூலி பாக்கி என்றார்கள். எனக்கு முகம் எரிந்தது. அதையும் எழுதிக்கொண்டார். அன்று மாலையே கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன்.

அவர் செய்த உதவி கணக்கைச் சரிபார்த்தது என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்தத் தெருவில் என்னோடு நடந்ததுதான் பெரிது. பணத்தைத் தின்றுவிட்டான் என்று பேசிக்கொண்டிருந்த ஊர் அது. டீக்கடையைத் தாண்டிப் போகாமல் பின் சந்து வழியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர் பட்டப்பகலில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் கணக்கை வாய்விட்டுப் படித்தார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் 3,400 ரூபாய் இடித்தது. எங்கே போனது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. டீசல் என்று எழுதிவிடலாமா என்றேன். என்னைப் பார்த்த பார்வையிலேயே வாயை மூடிக்கொண்டேன். 'விவரம் இல்லை, செயலாளர் பொறுப்பு' என்று சிவப்பு மையில் எழுதவைத்தார். அதை என் கையிலிருந்து கட்டினேன். நேற்று வந்த கடிதத்தில் அந்த ஒரு வரியைத்தான் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டியிருக்கிறார்கள்!

இன்னொன்றும் நடந்தது. கிளம்பும் முன் எங்கள் நடவு அறிக்கையைப் புரட்டினார். அலையாத்தியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, அன்றுதான் முதல் தடவை பார்க்கிறார். "நட்டது நாலாயிரம்னு வரவுல இருக்கு. செத்தது எந்தப் பக்கம் தம்பி?" என்றார்.

எண்ணியதே இல்லை. கஜா புயலுக்குப் பிறகு, 2018-லிருந்து, இந்தக் கரையில் நட்டவர்கள் நிறையப் பேர், நட்ட எண்ணிக்கையைச் சொன்னவர்களும் நிறையப் பேர். எத்தனை பிழைத்தது என்று நாங்களும் சொன்னதில்லை. அந்த வாரமே இறங்கி எண்ணினோம். உயிரோடு இருந்தவை 611. அவற்றில் அநேகமாக எல்லாமே பழைய வாய்க்காலின் ஓரத்தில். நடுத்திடலில் உப்பு மண்ணில் வளர்கிற உமரிச்செடி மட்டும் சிவந்து கிடந்தது.

காரணம் புதிதல்ல. பிச்சாவரத்தில் எப்போதோ கண்டுபிடித்ததுதான். வெள்ளையர் காலத்திலிருந்து கூப்புக் கூப்பாக, அதாவது பகுதி பகுதியாக, காட்டை மொட்டையடித்ததில் வெயில் பட்ட மண் காய்ந்து அமிழ்ந்து, தொட்டி மாதிரி ஆகிவிட்டது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், உள்ளே வந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி வற்ற, உப்பு ஏறிக்கொண்டே போனது. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஊர் மக்களோடும் வனத்துறையோடும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதம் வந்து திரும்ப வழி செய்தபின்தான் நட்ட கன்றுகள் பிழைத்து நின்றன. முத்துப்பேட்டையிலும் அதே வேலை நடந்திருக்கிறது. பக்கத்திலேயே இருந்துகொண்டு நாங்கள் வாய்க்காலைப் பார்க்காமல் கன்றை மட்டும் பார்த்தோம். எங்கள் திடலில், தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டுகிற உப்புமானியைப் பிடித்தபோது கோடு நூறைத் தாண்டிப் போய்விட்டது, அதற்கு மேல் அந்தக் கருவியில் அளவே இல்லை. கடல் தண்ணீரே ஆயிரம் பங்குக்கு முப்பத்தைந்துதான்.

சரி, மற்றவர்களுக்கு வருகிறேன். உப்புமானியைக் கொண்டுவந்து இரண்டு நாள் எங்களோடு வெயிலில் நின்ற பயிற்சி ஆசிரியர், பிச்சாவரம் பக்கத்திலிருந்து வந்து எந்தச் சாய்வில் வாய்க்கால் பிரிய வேண்டும் என்று கழியால் சேற்றில் கோடு போட்டுக் காட்டிய பெரியவர், கன்று எண்ண வந்து காலெல்லாம் சிப்பி கிழித்துக்கொண்ட கல்லூரிப் பிள்ளைகள், படகுக்கு வாடகை வாங்காத அண்ணன், அனுமதிக் காகிதத்துக்கு என்னை அலையவிடாத வனக்காப்பாளர், இரவில் அழைத்து "நாங்களும் இப்படி மாட்டியிருக்கோம்" என்று சிரிக்கவைத்த பழவேற்காட்டு நண்பர், கூலியை விட்டுக்கொடுக்கிறோம் என்று சொன்ன பெண்கள் (விட்டுக்கொடுக்க நான் சம்மதிக்கவில்லை, இருந்தாலும் நன்றி), எட்டு மாதம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டார். ஒரே வரியில் சொல்வதற்கு மன்னியுங்கள்.

தை பிறந்ததும் வாய்க்கால் வெட்டு தொடங்குகிறது. அடுத்த மழைக்கு முன்னால் ஒரு கன்றுகூட நடப் போவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எண்ணி, நின்றது இவ்வளவு, செத்தது இவ்வளவு என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவைப்போம். செத்தது சிவப்பு மையில்.

கடிதம் வந்ததும் முதலில் கணக்கம்மாவுக்குத்தான் அழைத்தேன். பஸ் செலவையாவது இப்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். போகவர 186 ரூபாய், அன்றே கேட்டு வைத்திருந்தேன். "வேணாம். ஆனா கணக்குல வராம விடாதீங்க. நன்கொடைன்னு எழுதி ரசீது அனுப்புங்க" என்றார்.

எழுதிவிட்டேன் அம்மா. ரசீது நாளைத் தபாலில் வருகிறது.