சரண்யாவுக்கு, அந்த மீன் வெட்டும் காட்சியைப் பற்றி

அன்புள்ள சரண்யா,

‘வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் எடித் ஃபின்ச்’ வீடியோ கேமை முடித்த கையோடு, அதைப் பற்றிக் கட்டுரை எழுதுவதற்காக நீ அனுப்பிய கேள்விகளைப் படித்தேன். ஃபின்ச் குடும்பத்தில் ஒவ்வொருவராக இறந்துபோன கதைகளை, அந்த வீட்டுப் பெண் எடித் திரும்பி வந்து படிக்கிற விளையாட்டு அது. “அந்தக் குடும்பத்துக்குச் சாபம் இருந்தது நிஜமா சித்தி? வீடு எதைக் குறிக்குது? யூடியூபில் ஆளுக்கொரு விளக்கம் சொல்றாங்க” என்று கேட்டிருந்தாய். அந்த வீடியோக்களைக் கொஞ்ச நாள் தள்ளி வை, கண்ணு. வீடு என்றால் நினைவு, கடல் என்றால் சாவு என்று ஒரு பட்டியலை நீட்டிவிடுகிறார்கள். அது கைக்கு வந்த பிறகு விளையாடியவளுக்கு யோசிக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

எடித்தின் அண்ணன் லூயிஸின் கதையை எடுத்துக்கொள்வோம். மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்கிறான். கன்ட்ரோலரின் வலது ஸ்டிக்கால் ஒவ்வொரு மீனாக இழுத்து, கத்தியடியில் வைத்துத் தலையை வெட்டி, பெல்ட்டில் போட வேண்டும். இடது ஸ்டிக்கால் அவன் மனதுக்குள் கட்டும் ராஜ்ஜியத்தில் நடக்க வேண்டும். அந்தக் கற்பனை முதலில் திரையின் ஒரு பக்கம் சின்னதாகத் தெரிகிறது. போகப் போக வளர்ந்து ஆலையையே மறைத்துவிடுகிறது. மீன் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது, வலது கை வெட்டிக்கொண்டே இருக்கிறது. உடம்பு ஓரிடம், மனசு ஓரிடம் என்பதை நாவலில் எழுதலாம், சினிமாவில் காட்டலாம். இங்கே அது உன் இரண்டு கைகளுக்கே நடக்கிறது. வலது கை செய்வதை எந்த இடத்தில் மறந்தாய் என்று யோசித்துப் பார். உன் கட்டுரையை அங்கிருந்து தொடங்கலாம்.

அம்மாவை உட்கார வைத்து அந்தக் காட்சியைக் காட்டு. கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன் வந்தால் அக்கா மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போவாளே, நினைவிருக்கிறதா? பெங்களூரா பழம் வந்துகொண்டே இருக்குமாம். கை தன் போக்கில் அழுகலைத் தள்ளிக்கொண்டிருக்க, மனசு உன் காலேஜ் ஃபீஸ், பாதியில் நிற்கும் வீடு என்று சுற்றிக்கொண்டிருக்கும் என்பாள். லூயிஸைப் பற்றி அவள் சொல்லப்போவது எந்த விமர்சகருக்கும் தோன்றியிருக்காது. அதை அப்படியே எழுதிக்கொள்.

கடைசியில் முடிசூட்டிக்கொள்ள அவன் தலை குனிகிறான். எங்கே குனிகிறான் என்பது உனக்குத் தெரியும். அதுவரை அவனை நடத்திக்கொண்டு போனது உன் விரல். கற்பனைதான் அவனைக் கொன்றது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கதையை நமக்குச் சொல்வது லூயிஸ் இல்லை. அவனுடைய மனநல மருத்துவர் அவன் அம்மாவுக்கு எழுதிய கடிதம். அவன் தலைக்குள் நடந்ததாக நாம் பார்ப்பதெல்லாம் அவர் ஊகித்தது. மோலியின் கதை அவளுடைய டைரி. பார்பராவின் கதை ஒரு பேய்க்கதைக் காமிக்ஸ். ஒவ்வொரு சாவையும் யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள், எடித் அதைப் படிக்கிறாள். சாபம் நிஜமா என்று கேட்டாய் அல்லவா? சாபம் என்ற கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வளர்த்தது யார் என்று கேட்டுப் பார். அந்தக் கேள்வியோடு இன்னொரு தடவை விளையாடினால் அந்த வீடே வேறாகத் தெரியும்.

2013இல் வந்த ‘பிரதர்ஸ்’ விளையாட்டிலும் கைதான் கதை சொல்கிறது. ஒரு கைக்கு அண்ணன், மறு கைக்குத் தம்பி. தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம். அண்ணன் இறந்த பிறகு ஆற்றைக் கடக்க வேண்டி வரும்போது, அண்ணனுக்குரிய பட்டனை அழுத்தினால்தான் தம்பி நீந்துவான். அந்த இடத்தில் ஒரு வசனம்கூடத் தேவைப்படவில்லை.

உருவாக்கியவர் நினைத்ததுதானே சரியான அர்த்தம் என்றும் கேட்டிருந்தாய். ‘செலஸ்ட்’ என்ற விளையாட்டு 2018இல் வந்தது. மலையேறும் மேடலின் ஒரு திருநங்கை என்று அதை உருவாக்கிய மேடி தோர்சன் 2020இல் எழுதினார். விளையாட்டை உருவாக்கும்போது மேடலினைப் பற்றியும் தன்னைப் பற்றியும் தனக்கே அது தெரியாது என்றும் அதில் சொன்னார். அவர் சொல்வதற்கு முன்பே அப்படிப் படித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அது தங்கள் கதையாகத் தெரிந்திருந்தது.

நம் தர்மபுரிப் பக்கத்து பாரதக் கூத்தில் அர்ச்சுனன் தபசு பார்த்திருக்கிறாய். அர்ச்சுனனாக மரத்தில் ஏறுகிறவருக்கு அது கைலாயம், அவர் கேட்பது சிவனின் பாசுபத அஸ்திரம். கீழே ஈரப்புடவையோடு காத்திருக்கும் பெண் கேட்பது ஒரு பிள்ளை. கதையில் அவள் இல்லை என்று சொல்லி அவளை யாரும் எழுப்பி அனுப்புவதில்லை. அதற்காக மரத்தை ஆறு என்று சொல்லவும் முடியாது. நீ சொல்லும் அர்த்தத்துக்கும் விளையாட்டுக்குள் ஒரு பிடிமானம் இருக்க வேண்டும்: ஒரு அசைவு, ஒரு சத்தம், திரும்பத் திரும்ப வரும் ஒரு பொருள். அதைக் காட்டிவிட்டால் தைரியமாக எழுது.

அடுத்து ‘வெண்பா’ விளையாடு. 2023இல் டொராண்டோவிலிருந்து வந்தது, கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை நீதான் சமைத்துச் சமைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அக்காவும் பக்கத்தில் இருக்கட்டும், பாதி இடத்தில் அவளே வழி சொல்லிவிடுவாள்.

கட்டுரையை முடித்ததும் எனக்கு அனுப்பு. லூயிஸ் விஷயத்தில் நான் சொன்னது உனக்கு ஒத்துவரவில்லை என்றால் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் சித்தி
தர்மபுரி