மின் பணியாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் நடந்தன, ஒன்று மட்டும் ஆள் சேராமல் தள்ளிப்போனது, வரவு செலவைப் பொருளாளர் அப்புறம் படிப்பார். வழக்கமாக இரண்டு பக்கம் எழுதுகிற சமாச்சாரம் இவ்வளவுதான். மீதி இடம் முழுக்க எனக்கு ஒரே விஷயத்துக்கு வேண்டும்.

நம் உறுப்பினர் ஒருவருக்கு நடந்தது பலருக்குத் தெரியும். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் நிறுவனத்தையும் எழுதவில்லை. மெயின் பேனலில் ஒரு கேபிள் லக் (கேபிள் நுனியைப் போல்ட்டோடு பிடிக்கும் உலோகத் துண்டு) சூடாகிக்கொண்டிருந்தது, போல்ட்டை இறுக்க வேண்டும், பத்து நிமிட வேலை. காலையில் ஷட் டவுன், அதாவது சப்ளையை நிறுத்தித் தரும்படி கேட்டார், உற்பத்தி நிற்கும் என்றார்கள். சாயங்காலம் மறுபடி கேட்டபோது, "இதுக்கெல்லாமா ஷட் டவுன், லைனிலேயே முடிச்சிடுங்க" என்று, அதாவது கரண்ட் ஓடும்போதே செய்யும்படி, மேற்பார்வையாளர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இறுக்கும்போது ஸ்பானர் நழுவி இரண்டு ஃபேஸ் பஸ்பாருக்கு (கரண்ட் ஓடும் உலோகப் பட்டைகளுக்கு) நடுவில் சாய்ந்தது. சாதாரண ஸ்பானர், இன்சுலேஷன் இல்லாதது.

அவருக்கு ஷாக் அடிக்கவே இல்லை. இதைச் சொன்னால் நம் ஆட்களிலேயே சிலர் நம்ப மறுக்கிறார்கள். அடித்தது ஆர்க், காற்று வழியாகவே கரண்ட் பாய்ந்து எழும் நெருப்பு. உடம்பு வழியாகக் கரண்ட் போகாமலே அது ஆளைச் சுட்டுவிடும், கம்பியைத் தொட்டிருக்கக்கூட வேண்டியதில்லை. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி, ஆர்க்கின் வெப்பம் அதையும் தாண்டிப் போகும். செம்பு உருகுவதோடு நிற்காமல் ஆவியாகி வெடித்த மாதிரி விரியும். வலது கையும் முகத்தில் ஒரு பக்கமும் வெந்துவிட்டன. நிறுவனம் கொடுத்திருந்த சீருடைச் சட்டை பாலியஸ்டர். அது உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது, மருத்துவமனையில் அதை எடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

பிறகு விபத்து அறிக்கை வந்தது. 'காரணம்' என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல்: கவனக்குறைவு. ஷட் டவுனை மறுத்தது யார், சரியான ஸ்பானர் ஏன் கொடுக்கப்படவில்லை, அந்தச் சட்டைத் துணியைத் தேர்ந்தெடுத்தது யார், இதையெல்லாம் எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

நானும் தலைவரும் போய்ப் பேசினோம். எர்த் லீக்கேஜ் பாதுகாப்பு இருந்ததே என்றார் அங்கே ஒரு பொறியாளர். அது எர்த்துக்குக் கசிகிற கரண்டைத்தான் பார்க்கும்; ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவில் ஆர்க் அடித்தால் அதன் கணக்கில் ஒன்றுமே கசியவில்லை. அப்புறம் பேச்சு மாறியது. அடிபட்டவர் எங்கள் ஆள் இல்லை, ஒப்பந்ததாரர் ஆள் என்றது நிறுவனம். பேனல் அவர்களுடையது, நான் எப்படி ஆஃப் பண்ண முடியும் என்றார் ஒப்பந்ததாரர். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான், அதனால்தான் இரண்டு பேருக்கும் பொறுப்பு இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-ஆவது உடன்படிக்கை இதற்கு முன்பே பதில் வைத்திருக்கிறது. வேலையிடத்தையும் கருவிகளையும் இயன்றவரை ஆபத்தில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை, ஒரே இடத்தில் இரண்டு நிறுவனங்கள் வேலை செய்தால் இரண்டும் ஒத்துழைத்து அதைச் செய்ய வேண்டும், பாதுகாப்புக்கான செலவு தொழிலாளி தலையில் விழக்கூடாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு நம்பி வேலையை விட்டு விலகியவரைத் தண்டிக்கக்கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. 2022 ஜூனில் பாதுகாப்பான வேலைச் சூழலை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவே அந்த அமைப்பு சேர்த்துவிட்டது. இதையெல்லாம் அச்செடுத்து மேசையில் வைத்தோம். படித்தார்களா தெரியாது, ஆனால் குரல் இறங்கியது.

கடைசியில் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார்கள். ஓடும் லைனில் கை வைக்கச் சொன்னால், சப்ளையை ஏன் நிறுத்த முடியாது என்ற காரணத்தை எழுதி மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும். வாய்வார்த்தை செல்லாது. அதிலிருந்து நடப்பதைப் பார்த்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது: பேனாவை எடுத்ததும் ஷட் டவுன் கிடைத்துவிடுகிறது. முடியவே முடியாது என்ற நேரத்தில் எல்லாம் முடிகிறது. வோல்டேஜ் அளப்பது, சூடாகும் இணைப்பை வெப்பக் கேமராவில் பார்ப்பது மாதிரி சிலதை லைன் இருக்கும்போதுதான் செய்ய முடியும், அதை யாரும் மறுக்கவில்லை. அதற்கும் முறையும் தடுப்பும் வேண்டும். போல்ட் இறுக்குவது அந்தப் பட்டியலில் வராது.

நம் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். "இருபது வருஷமா லைன்ல தான் பார்க்கிறேன், ஒண்ணும் ஆனதில்ல" என்று இளம் பையன்கள் முன்னால் பெருமை பேசுகிற மூத்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தப் பேச்சைத்தான் நிறுவனம் அடுத்த பையனிடம் எடுத்து வீசுகிறது. பயிற்சி நாளில் பார்த்தோமே, டெஸ்டரை முதலில் சப்ளை இருக்கிற இடத்தில் வைத்துச் சோதித்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடி சப்ளை இருக்கிற இடத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் உயிருள்ள கம்பியும் செத்த கம்பியாகத்தான் தெரியும். பாதிப் பேர் மூன்றாவதை விட்டுவிட்டோம், நானும்தான். இன்னொருவர் பிரேக்கரை ஆஃப் செய்த பிறகும் நியூட்ரலில் (கரண்ட் திரும்பி வரும் கம்பியில்) ஷாக் வாங்கினார். வேறொரு சர்க்யூட்டின் நியூட்ரலும் அதிலேயே திரும்பிக்கொண்டிருந்தது.

அடிபட்டவர் இன்று வந்திருக்கிறார். இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை, வருகைப் பதிவேட்டில் இடது கையால் கையெழுத்துப் போட்டார். இழப்பீட்டு மனு நிலுவையில் இருக்கிறது. விபத்து அறிக்கையிலிருந்து 'கவனக்குறைவு' என்ற சொல்லை நீக்கச் சொல்லித் தனியாக எழுதியிருக்கிறோம், பதில் இல்லை.

வேலை நடக்கும்போது வேறு யாரும் சப்ளையை ஆன் செய்துவிடாதபடி ஐசோலேட்டரில் (சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்சில்) போடும் பூட்டை நிறுவனம்தான் கொடுக்க வேண்டும், கேட்டுக்கொண்டேயும் இருக்கிறோம். அதுவரை சங்கம் வாங்கிய பூட்டுகள் பொருளாளர் மேசையில் இருக்கின்றன. ஆளுக்கு ஒன்று, பெயர் அட்டையோடு. மாற்றுச் சாவி கேட்டு யாரும் வராதீர்கள், வேண்டுமென்றேதான் வைத்துக்கொள்ளவில்லை.