வள்ளியம்மையின் கல்லறையும் என் ஆயாவின் பெயரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் காந்தியின் சத்தியாகிரகத்தில் கலந்து சிறைசென்ற தில்லையாடி வள்ளியம்மை சிறையிலேயே உயிர்விட்டார் என்று சென்ற இதழின் கட்டுரை சொல்கிறது. அப்படியன்று. மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்தவர், 1914 பிப்ரவரி 22 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் இறந்தார். வயது 16. தில்லையாடி பெற்றோர் வழி ஊர். பிறந்ததும் புதைக்கப்பட்டதும் ஜோகன்னஸ்பர்க்கில்தான்.

அவர் இருப்பது பிராம்ஃபோன்டைன் இடுகாட்டில். அதே போராட்டத்தில் 1909இல் சிறைக்குப் போய்வந்த சில நாட்களில் நிமோனியாவுக்குப் பலியான நாகப்பன் படையாச்சியும் அங்கேதான். அவருக்கு வயது 18. காந்தி இந்த நாட்டைவிட்டுக் கப்பலேறும் வாரத்தில், 1914 ஜூலை 15 அன்று, இருவருக்கும் நினைவுக்கல் திறந்தார்கள். எரிக்காமல் ஏன் புதைத்தார்கள் என்று தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் கேட்பதுண்டு. புதைக்கும் குடும்பங்கள் நம்மிலும் உண்டு. அதுபோக, இதே ஊரின் பிரிக்ஸ்டனில் விறகுச் சுடலை கட்டப்பட்டதே 1918இல்தான்.

அதே இடுகாட்டில்தான் தென்னாப்பிரிக்க நாட்டுப் பண்ணின் முதற்பகுதிக்கு மெட்டைத் தந்த ஈனக் சொன்டோங்காவும் கிடக்கிறார். இறந்தது 1905இல். 1990களில் அவருடைய கல்லறையைத் தேடியபோது பதிவேட்டில் சொன்டோங்கா என்ற பெயரே அகப்படவில்லை. எழுதியவர் 'ஈனக்' என்று முதற்பெயரின் கீழ் எழுதி வைத்திருந்தார். 1996இல் அந்த இடம் தேசிய நினைவுச் சின்னம் ஆயிற்று.

அவருக்காகத் தேட ஒரு நாடே இருந்தது. என் ஆயாவுக்கு நான் ஒருவன்தான். ஆயாவுக்குச் சமயபுரத்தாளின் பெயர். ஆங்கிலத்தில் எழுதினால் மாரிக்கும் மரிக்கும் என்ன வேறுபாடு? வேறோர் இடுகாட்டின் பதிவேட்டில் இரண்டு பிற்பகல் தேடிய பிறகு கிறிஸ்தவர்கள் பக்கத்தில் கண்டுபிடித்தேன். தீமிதிக்கு ஒரு வருடமும் தவறாதவள்! கேட்டால் அவளே சிரித்திருப்பாள். கல்லில் மட்டும் தமிழில் சரியாக இருந்தது; 'மா'வின் கால் இன்னும் மழுங்கவில்லை.

இதைத்தான் சொல்ல வந்தேன். தாளில் கவுண்டரைக் கோவெண்டர் ஆக்கினார்கள், முதலியை மூட்லி ஆக்கினார்கள். சொந்த எழுத்தில் நம் பெயர் மிஞ்சியிருப்பது பல குடும்பங்களுக்குக் கல்லறைக் கல்லில் மட்டுமே. அதைப் படிக்கத் தெரிந்தவர்களோ பெரும்பாலும் என்னைப்போல் எழுபதைத் தாண்டியவர்கள். பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள், பாவம், எந்தப் பக்கம் மேலே என்று என்னைத்தான் கேட்கிறார்கள். ஊருக்கு ஊர் தமிழ்ச் சங்கங்கள் ஆளுக்கு ஓர் இடுகாட்டை எடுத்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினால், மாதம் ஒரு பக்கம் வெளியிடுவீர்களா?

போகிறவர்களுக்கு ஒன்று: இரும்புத் தூரிகையும் அமிலமும் வேண்டாம், எழுத்தோடு போய்விடும். தண்ணீரும் தேங்காய் நாரும் போதும். வெயில் சாய்வாக விழும் காலை வேளையில் போங்கள். நடுப்பகலில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தெல்லாம் அப்போது தெரியும்.

இப்படிக்கு,
லெனேசியா வாசகர் ஒருவர்