சளி மாத்திரையும் ஸ்டியரிங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

குடித்துவிட்டு ஓட்டக்கூடாது என்பது லாரி, பஸ் ஓட்டுநர்களுக்குத் தெரியும். சளி மாத்திரையைப் பற்றி அவர்களிடம் யார் பேசுகிறோம்? குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் கலந்த சளி, அலர்ஜி மருந்துகள் கண்ணைச் சொக்க வைக்கும். பிரேக்கை மிதிக்கக் கால் பிந்தும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே நொடியில் வண்டி 22 மீட்டர் போய்விடும். இரவு போட்ட மாத்திரையின் மந்தம் காலையிலும் தொடரலாம். வலிக்குத் தரும் டிரமடால், பதற்றத்துக்குத் தரும் டயஸிபாமும் அப்படித்தான்.

எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறது, சரி. மடித்து வைத்த தாளில், பொடி எழுத்தில்! மருத்துவரும் மருந்தாளுநரும் "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று முதலில் கேட்க வேண்டும். அலர்ஜிக்கு ஃபெக்ஸோஃபெனடின் போல அவ்வளவாகத் தூக்கம் தராத மருந்துகள் இருக்கின்றனவே.

– ஒரு வாசகர்