தஞ்சாவூர் மாமாவுக்கு, ஹாமில்டனிலிருந்து

ஹாமில்டன், ஒன்டாரியோ
பிப்ரவரி

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம். நீங்களும் அத்தையும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். சம்பா அறுப்பு முடிந்திருக்கும். நெல்லை எடுத்துக்கொண்டார்களா, இல்லை ஈரம் அதிகம் என்று இன்னும் களத்திலேயே கிடக்கிறதா? அம்மாவைக் கேட்டு எழுதுங்கள்.

பாப்பாவுக்கு நானே ஒரு எலக்ட்ரிக் கிட்டார் செய்துகொண்டிருக்கிறேன் என்று போனில் சொன்னதும், வீணை செய்கிற நீங்கள், "குடமே இல்லாத வாத்தியத்தில் நாதம் எங்கேயிருந்துடா வரும்?" என்று கேட்டீர்கள். அன்றைக்குப் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. இப்போது வேலை முடிந்துவிட்டது. அதனால் ஆற அமர உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே குளிர்காலம் என்றால் வேலைக்குப் போவது, வருவது, வாசலில் பனியை அள்ளிப் போடுவது, அவ்வளவுதான். நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும் நாட்களும் உண்டு. வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ட் என்று ஒரு நிலவறை இருக்கிறது. அதில் ஒரு பக்கம் துணி துவைக்கும் மெஷின், இன்னொரு பக்கம் என் பட்டறை. பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவர் அந்தக் காலத்தில் தச்சு வேலை பார்த்தவர். அவர் கொடுத்த கிளாம்புகளும் ஒரு பழைய இழைப்புளியும்தான் என் முதல் மூலதனம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மரத்தைக் குடையும் ரவுட்டர் மெஷினை ஓட்ட மாட்டேன், அக்கம்பக்கத்தில் தூங்குவார்கள். குளிரில் ஜன்னலைத் திறக்கவும் முடியாது. அதனால் மரத்தூளை உறிஞ்சும் மெஷினைப் பக்கத்திலேயே ஓடவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டுதான் வேலை. நீங்கள் திண்ணைக் காற்றில் உட்கார்ந்து பலாவைக் குடைவீர்களே, அந்தக் கொடுப்பினை இங்கே இல்லை.

சரி, நாதத்துக்கு வருகிறேன்.

வீணையில் தந்தியின் அசைவை, அதைத் தாங்கி நிற்கும் குதிரை வாங்கிப் பலகைக்குக் கொடுக்கிறது, குடம் அதைப் பெரிதாக்கி வெளியே விடுகிறது. பழைய கிட்டாரும் அப்படித்தான், வயிறு கூடு. ஆனால் பெரிய பாண்டு வாத்தியக் கூட்டத்தில் அதன் சத்தம் எடுபடவில்லை. மைக்கும் ஒலிபெருக்கியும் வைத்தால், ஒலிபெருக்கியின் சத்தமே திரும்பி வந்து கூட்டை அதிரவைத்து ஊளையிட ஆரம்பிக்கும். அதனால் 1930-களிலிருந்து ஆளாளுக்குச் செய்து பார்த்து, கடைசியில் வயிற்றையே எடுத்துவிட்டார்கள். கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்று ஒருவர், ரேடியோ பழுது பார்த்தவர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். 1950 வாக்கில் அவர் கெட்டிப் பலகையில் செய்து விற்ற கிட்டாரின் வடிவம் இன்றைக்கும் மாறவில்லை. கழுத்தைத் தனியாகச் செய்து நாலு திருகாணியில் முடுக்கிவிட்டார். தேய்ந்தால் கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம். உங்கள் பாஷையில் சொன்னால் அது ஒட்டு வீணை. ஒரே மரத்தில் உடம்பின் நடுவரைக்கும் கழுத்தை ஓட்டிச் செய்கிறவர்களும் உண்டு. அது ஏகாந்த வீணையின் ஜாதி. நான் செய்தது ஒட்டு.

இதில் கம்பியின் அசைவைக் கேட்பது மரம் இல்லை, காந்தம். கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒரு சின்னப் பெட்டி. அதில் ஆறு காந்தத் துண்டுகள், அவற்றைச் சுற்றித் தலைமுடி கனத்தில் எனாமல் பூசிய செம்புக் கம்பி. சுமார் எட்டாயிரம் சுற்று. மேலே எஃகுத் தந்தி ஆடும்போது காந்தப் புலம் ஆடுகிறது, அதனால் செம்புச் சுருளில் துளி மின்சாரம் பிறக்கிறது. அதை ஆம்ப்ளிஃபையர் பெரிதாக்கித் தருகிறது. இதனால்தான் நைலான் தந்தி போட்டால் இதில் பேசாது. குடம் செய்த வேலையை இங்கே இந்தச் சுருளும் ஆம்ப்ளிஃபையரும் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சுருளையும் நானேதான் சுற்றினேன். ஒரு பழைய தையல் மெஷின் மோட்டார், சுற்றை எண்ண ஒரு சின்ன மீட்டர். கம்பியை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு, இறுக்கவும் கூடாது, தளர்த்தவும் கூடாது. இறுக்கினால் அறுந்துவிடும், தளர்ந்தால் சுற்று ஒன்றோடொன்று உரசும். அப்புறம்தான் உங்களிடம் சொல்ல நான் ஆசைப்பட்ட விஷயம் வருகிறது. வீணைக்கு நீங்கள் மெழுகு உருக்குவீர்களே, அதேபோல சுற்றி முடித்த சுருளையும் மெழுகில் முக்கி எடுக்க வேண்டும். பாரஃபின் மெழுகு நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. நேரடி நெருப்பு ஆகாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, 65 டிகிரி தாண்டாமல் உருக்க வேண்டும். சுருளை உள்ளே விட்டதும் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ் மேலே வரும். குமிழ் நிற்கும்வரை காத்திருந்து எடுத்தால், சுற்றுகளுக்கு இடையில் மெழுகு புகுந்து இறுகியிருக்கும். இல்லாவிட்டால் சத்தம் கூட்டும்போது சுற்றுகளே அதிர்ந்து கீச்சென்று கத்தும். தேன்மெழுகு உருகும் வாசனை நிலவறை முழுக்கப் பரவியதும், பாப்பா மாடியிலிருந்து இறங்கி வந்து, "அப்பா, தாத்தா வீட்டு வாசனை!" என்றாள். ஒரே ஒரு கோடை விடுமுறைக்கு வந்த பிள்ளை மாமா அவள்.

மரத்தைப் பற்றிக் கேட்பீர்கள். உடம்பு ஆஷ் மரம். இந்த ஊரில் தெருத்தெருவாக நின்ற மரம் அது. ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டு 2002-இல் இந்தப் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு பட்டைக்கு அடியில் சுரங்கம் போட்டு, மரத்துக்குச் சத்து ஏறும் வழியை அறுத்துவிடும். கோடிக்கணக்கில் மரங்கள் செத்துப்போயின. ஃபெண்டர் கம்பெனியே 2020-இல் வழக்கமான கிட்டார்களுக்கு இனி ஆஷ் போடுவதில்லை என்று அறிவித்துவிட்டது. ஆனால் புழு உள் வைரத்தைத் தொடுவதில்லை. வெட்டிய மரங்களை அறுக்கும் சின்ன மில் ஒன்றில் வருஷக்கணக்கில் காய்ந்த பலகை கிடைத்தது. நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரத்துக்குப் பழைய வீட்டு ஆச்சா மரத்தைத்தான் தேடுவார்கள் என்று சொல்வீர்களே, அந்த நினைப்பிலேயே பலகைகளைத் தட்டித் தட்டிப் பொறுக்கினேன். கழுத்து மேப்பிள். மார்ச் மாதம் இங்கே பாகு இறக்குகிறார்களே, அதே சர்க்கரை மேப்பிள் மரம்தான், கல் மாதிரி இருக்கும். கழுத்தின் மேல் ஒட்டும் பலகை நம்மூர் தோதகத்தி. உலகம் முழுக்க கிட்டார்காரர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். 2017-லிருந்து அந்த ஜாதி மரத்துண்டுக்கு உரிய தாள் இல்லாமல் நாடு தாண்டக் கூடாது. செய்து முடித்த வாத்தியத்துக்கு மட்டும் 2019-இல் விலக்குக் கொடுத்தார்கள். நான் இங்கேயே ரசீதோடு ஒரு கடையில் வாங்கினேன்.

இனி மெட்டு, அதாவது ஸ்வரத்துக்கு ஸ்வரம் விரல் வைக்கக் கழுத்தின் குறுக்கே நிற்கும் கம்பிகள். இதில்தான் எனக்கு ரொம்ப நாள் மனசு ஓடியது.

நீங்கள் வீணைக்கு மெட்டு வைத்து மேளம் கட்டும்போது தெருச் சத்தம் அடங்கட்டும் என்று ராத்திரி உட்காருவீர்கள். மெழுகைச் சூடாக்கி, மெட்டை வைத்து, தந்தியைத் தட்டிக் கேட்டு, கட்டை விரலால் ஒரு நூல் முன்னே, ஒரு நூல் பின்னே. இருபத்து நாலும் காதால் அமைவது. கிட்டாரில் காதுக்கு வேலை வருவதற்கு முன்பே எல்லாம் கணக்காக முடிந்துவிடுகிறது. குதிரையிலிருந்து, கழுத்தின் மறுமுனையில் தந்தி ஏறி நிற்கும் மேருவரை 648 மில்லிமீட்டர். அதை 17.817-ஆல் வகுத்தால் 36.4. மேருவிலிருந்து அந்தத் தூரத்தில்தான் முதல் மெட்டின் இடம். மிச்சத்தை மறுபடி 17.817-ஆல் வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு சரியாக நடுவில், 324-இல் வந்து நிற்கும். அந்தந்த இடத்தில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான அகலத்தில் ரம்பத்தால் கீறி, மெட்டுக் கம்பியைச் சுத்தியால் அடித்து இறக்க வேண்டும். மெழுகு கிடையாது. இறக்கியது இறக்கியதுதான்.

ஏன் இப்படி என்று யோசித்துப் பார்த்தேன். வீணைக்கு ஆதாரமான ‘ஸ’, அதாவது ஷட்ஜம், ஒன்று, தாளத் தந்தியில் அது பேசிக்கொண்டே இருக்கும், மற்ற ஸ்வரங்கள் அதற்கு இசைந்தால் போதும். கிட்டாரில் ஆறு தந்தியும் சேர்ந்து பேசும், பாட்டுக்குப் பாட்டு ஆதாரம் மாறும். எதிலிருந்து தொடங்கினாலும் ஒத்துப்போக வேண்டும் என்று ‘ஸ’ முதல் மேல் ‘ஸ’ வரையுள்ள ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டிவிட்டார்கள். அதனால் பஞ்சமம் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். ஆனால் ‘க’, அதாவது அந்தர காந்தாரம், ஒரு பிசிறு தூக்கலாக நிற்கும். பாப்பாவுக்கு அது தெரியவில்லை, பழகிய காது. எனக்கு இன்னும் உறுத்துகிறது, உங்களிடம் கேட்டு வளர்ந்த காது அல்லவா. அவர்கள் தேவைக்கு அவர்கள் கணக்கு சரி. ஆனால் அந்தக் காந்தாரத்துக்கு உங்கள் மெழுகுதான் நியாயம் செய்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மெட்டு அடித்த பிறகு எல்லாத் தலையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மார்க்கர் பேனாவால் மெட்டுகள் மேல் கறுப்பாகப் பூசிவிட்டு, நேரான கட்டையில் ஒட்டிய அரத்தால் மெல்ல ஒரு இழுப்பு. மேடாக இருக்கும் மெட்டில் மை போய்விடும், பள்ளமாக இருப்பதில் மை அப்படியே இருக்கும். எல்லாவற்றிலும் மை சமமாகப் போகும்வரை இழுத்து, அப்புறம் தட்டையான தலைகளை மறுபடி உருண்டையாக்கி, மெருகு. இது நாள் கணக்கில் பிடிக்கும் வேலை. இதில் பொறுமை இல்லாதவன் செய்த கிட்டார் எங்கே தொட்டாலும் கரகரக்கும்.

இன்னொன்று. ஆறு கம்பியும் சேர்ந்து கழுத்தை 45 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அதனால் கழுத்துக்குள்ளே நீளமாக ஒரு எஃகுக் கம்பி புதைத்து, ஒரு முனையில் சாவி போட்டுத் திருக வழி விட்டிருக்கிறது. கழுத்து முன்னால் வளைந்தால் இறுக்கலாம், பின்னால் போனால் தளர்த்தலாம். நம்மூரில் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மரம் ஊதும். இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்றில் ஈரமே இருக்காது. பலகை சுருங்கி, மெட்டின் முனைகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். அதனால் ஈரம் காட்டும் மீட்டர் ஒன்று சுவரில் மாட்டி, 45 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். நம் பட்டறையில் இந்த வறட்சிக் கவலை இல்லை, காவிரிக் காற்றே பார்த்துக்கொள்ளும்.

நிறம் விஷயத்தில் வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. பாப்பாவுக்கு நீலம் வேண்டும். எனக்கு மரத்தின் வரி தெரிய வேண்டும். கடைசியில் ரேகை தெரியும்படி மெல்லிய நீலச் சாயம் ஏற்றி, மேலே எண்ணெய் தேய்த்தோம். நன்றாகவே வந்திருக்கிறது. வயரிங் செய்து, உள்ளே செம்புத் தகடு ஒட்டி, தந்தி பூட்டி, அவள் கையில் கொடுத்தேன். முதலில் வாசித்தது அவள் பள்ளி பாண்டில் வாசிக்கும் ஏதோ ஒன்று. அப்புறம் அத்தை சொல்லிக் கொடுத்த சரளி வரிசையை மெதுவாக வாசித்தாள். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் வீணையைப்போலவே ஸ்வரம் ஏறுகிறது, கமகத்துக்கு நன்றாக இடம் கொடுக்கிறது. நீங்கள் கேட்டால் ஒத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் கிடைக்கும்போது மச்சான் போனில் அதன் பதிவு இருக்கும், ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

இப்போது ஒரு வேண்டுகோள். ஆடி மாதம் பள்ளி விடுமுறையில் நாங்கள் ஊருக்கு வருகிறோம். அடுத்த கிட்டாரின் உடம்பைப் பலாவில் செய்யலாம் என்று இருக்கிறேன், உங்கள் பட்டறையில், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து. பண்ருட்டியிலிருந்து அடுத்த முறை மரம் வரும்போது காய்ந்த துண்டு ஒன்று எடுத்து வையுங்கள். நீளம் 20 அங்குலம், அகலம் 14, கனம் 2. அவ்வளவு அகலம் ஒரே பலகையில் கிடைக்காவிட்டால் ஏழு ஏழாக இரண்டு போதும், நடுவில் ஒட்டிக்கொள்ளலாம். வெடிப்போ முடிச்சோ இருக்கக் கூடாது. தலையில் யாளி வேண்டும் என்கிறாள் பாப்பா. தலை கனத்தால் தோளில் மாட்டும்போது கழுத்து கீழே சாயும், அதனால் முழு யாளி ஆகாது. உடம்பின் பின்பக்கத்தில் கால் அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல், ஓரத்தில் உங்கள் கொடிப்பூ மட்டும் செதுக்கித் தாருங்கள். காந்தமும் செம்புக் கம்பியும் நான் கொண்டு வருவேன். மெழுகு உங்களுடையது. ஆம்ப்ளிஃபையர் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், இங்கே கரண்ட் 120 வோல்ட், இங்கத்திய மெஷின் அங்கே ஆகாது.

செதுக்கும் நாட்களுக்கு முழுக் கூலி வாங்கிக்கொள்ள வேண்டும், வேண்டாம் என்று சொல்லக் கூடாது. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்தார்கள், ஆனாலும் வேலை நாளுக்கு உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று எனக்குத் தெரியும். வெளியூர்க்காரர் ஒருவர் சொல்லிச் செய்தால் என்ன கேட்பீர்களோ அதையே பட்டறை நோட்டில் என் பேருக்கு எழுதி வையுங்கள். மரத்துக்கான முன்பணத்தை இந்த வாரமே அம்மா கணக்கில் போட்டுவிடுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அம்மா முட்டி வலிக்குத் தைலம் போதும் என்பாள், விடாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்